சர்க்கரை வியாதியஸ்தருக்கு இரும்பு டானிக் தகுமா?



நம் சங்கத்தைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கடை வைத்துப் பிழைப்பவர்கள். மளிகைக் கடையானாலும் சில்லறைக் கடையானாலும் மருந்துச் சாமானுக்கென்று ஓர் அலமாரி இல்லாத கடை நம்மவரிடத்தில் அபூர்வம். அந்த அலமாரியைப் பார்த்தபடி, "பாய், உடம்பு ஒரே அசதியா இருக்கு. ரத்தம் ஊற ஏதாவது கொடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளரும் அபூர்வமே. லகாட்டிலும் மெங்லெம்புவிலும் பூசிங்கிலும் வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். நாமும் கை நீட்டி ஒரு இரும்பு டானிக்கை எடுத்து வைக்கிறது வழக்கம். கேட்பவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் மட்டும் நம்மவரிடம் இன்னும் வரவில்லை. அது ஏன் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நாம் வைத்தியம் படித்தவரல்ல. டாக்டர்களிடம் கேட்டும், படித்தவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தும் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்நாட்டின் கணக்கைப் பார்ப்போம். மலேசியச் சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வில், 2019ஆம் ஆண்டு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 18.3 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 100க்கு 31.4 பேர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டுக் கணக்கு 15.6 ஆக இறங்கியது. அல்ஹம்து லில்லாஹ், ஆனாலும் ஆறு பேரில் ஒருவர் என்பது அற்ப விஷயமல்ல. அதே 2019ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 30 பேருக்கு இரத்தசோகை. ஆகவே ஒரே வீட்டில் அத்தாவுக்குச் சர்க்கரை, மகளுக்கு இரத்தசோகை என்பது சர்வ சாதாரணம். மகளுக்காக வாங்கிய சிரப்பில் அத்தாவும் இரண்டு கரண்டி குடித்துக் கொள்கிறார். "சத்துதானே, என்ன கெடுதல்?" என்று கேட்கிறார்.

கெடுதல் உண்டா இல்லையா என்பதைச் சொல்லுமுன், இரும்பென்றால் பலம் என்ற எண்ணம் நமக்குள் எப்படி ஊறியது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது. பேராக் ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழர்கள் செருப்பில்லாத காலோடு ஈர மண்ணில் நடந்தார்கள். ஒழுங்கான கழிப்பிடம் கிடையாது. கொக்கிப் புழு பாதத்தின் வழியே ஏறிக் குடலில் தங்கி, இரவும் பகலும் இரத்தத்தை உறிஞ்சியது. அதோடு மலேரியா வேறு. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, காலையில் பிரட்டுக்கு எழ முடியாமல் கிடந்தவர்களுக்குத் தோட்டத்து டிரஸ்ஸர் புழு மருந்தும் இரும்பு மருந்தும் கொடுத்தார். குடித்தவர்கள் தேறினார்கள். "இரும்பு மருந்து குடித்தேன், எழுந்து நின்றேன்" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

அரிசி விஷயத்திலும் இப்படி ஒரு பாடம் இந்நாட்டில் நடந்திருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மடிந்தார்கள். புழுங்கலரிசிச் சோறு தின்ற தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். காரணத்தை அவர் வேறாக நினைத்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் அடுத்த இரண்டொரு ஆண்டுகளில், அரிசியைத் தீட்டும்போது போய்விடும் சத்தே காரணம் என்று காட்டினார்கள். குறைந்த சத்தைக் கொடுத்தால் நோய் தீரும் என்ற பாடம் இவ்விதம் நம் மனத்தில் ஆழப் பதிந்தது. குறையாத இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்ற பாடத்தைப் படிக்க அந்தக் காலத்தில் அவசியமே ஏற்படவில்லை. இன்று லயமும் இல்லை, வெறுங்காலும் இல்லை. தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரன் ஈப்போவில் கடை நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வாரத்தில் நாலு நாள் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ தின்கிறார். பாட்டனுக்கு ஏற்ற மருந்து பேரனுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை.

நிற்க. தேகத்திலுள்ள இரும்பின் கணக்கை நம் வியாபாரக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

ஒரு மனிதனின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம்தான். ஓர் ஆணிக்குள் அடங்கிவிடும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபின் என்னும் பொருளில் இருந்துகொண்டு, மூச்சுக்காற்றிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. இதைக் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். மீதி பெரும்பாலும் ஈரலில், ஃபெரிட்டின் என்ற பொருளுக்குள் சேமித்து வைக்கப்படுகிறது. இது கிட்டங்கிச் சரக்கு. கடையில் சரக்கு நிறைந்திருந்தும் கிட்டங்கி காலியாக இருக்கலாம்; கடையில் சரக்குக் குறைந்திருந்தும் கிட்டங்கி நிரம்பி வழியலாம். கடைத் தட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கொள்முதல் செய்யும் வியாபாரி நஷ்டப்படுவான் என்பது நமக்குத் தெரியாததா?

இதில் ஒரு விசேஷம் உண்டு. இந்தக் கிட்டங்கிக்குச் சரக்கு உள்ளே வர வழியுண்டே தவிர, மிஞ்சியதை வெளியே தள்ள வழியில்லை. உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போகும். இரும்பு அப்படிப் போகாது. தோலும் குடலின் உட்பூச்சும் உதிர்வதில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் கழியும், அவ்வளவுதான். மாதவிலக்குள்ள பெண்களுக்கு மட்டும் அதைவிடக் கூடுதலாகக் கழிகிறது. ஆகவே உடலின் கட்டுப்பாடு முழுவதும் உள்ளே வரும் வாசலில்தான். ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் வாசலில் நிற்கும் கணக்கப்பிள்ளை. 2000ஆம் ஆண்டையொட்டித்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். கிட்டங்கி நிரம்பியிருந்தால் அது குடல் வாசலைச் சாத்தும், குறைந்திருந்தால் திறக்கும். ஆனால் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு இந்தக் கணக்கப்பிள்ளைக்குக் கட்டுப்படுகிற அளவுக்கு, இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு கட்டுப்படுவதில்லை. அது வேறு வாசல் வழியாக நுழைகிறது. கீரை இரும்பில் நூற்றுக்குச் சில பங்கே உடலில் சேர, இறைச்சி இரும்பில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேருகிறது.

இனி, மிஞ்சிய இரும்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இன்று நேற்றுக் கண்டதல்ல. 1865இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் துரூசோ, தோல் வெண்கல நிறமாகி, ஈரல் கெட்டு, சிறுநீரில் சர்க்கரையும் இறங்கிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பின்னர் இந்நோய்க்கு வெண்கல நீரிழிவு என்றே பெயர் வழங்கியது. 1889இல் ஜெர்மானியரான ரெக்லிங்ஹாசன், இது உறுப்புகளில் இரும்பு படிவதால் வருவது என்று சொல்லி ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயரிட்டார். பிறவியிலேயே வாசல் சரியாகச் சாத்தாததால் வரும் நோய் இது. இதற்கான பிறப்புக் கூறு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியரிடையே அதிகம், நம்மவரிடையே அரிது. ஆகையால் இதை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் கணையத்தில் இரும்பு படிந்தால் சர்க்கரை வியாதி வரும் என்ற உண்மை இதனால் ருசுவாயிற்று.

நம் நாட்டில் நாம் கண்ணால் காணக்கூடிய சாட்சி வேறொன்று. தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் மலேசியாவில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. கடுமையான தாலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் கழிகிற உடலில், ஒரே நாளில் இவ்வளவு வந்து சேர்ந்தால்? இரும்பை இறக்கும் மருந்தை ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் அது ஈரலிலும் இருதயத்திலும் கணையத்திலும் படிந்து, வாலிப வயதிலேயே சர்க்கரை வியாதியைக் கொண்டு வருகிறது.

படிந்த இரும்பு என்ன செய்கிறது என்று ஒரு டாக்டரிடம் கேட்டோம். கடை வாசலில் கிடந்த துருப்பிடித்த தராசுக் கல்லைக் காட்டி, "ஏறக்குறைய இதுதான்" என்றார். இரும்பும் பிராணவாயுவும் கூடும் இடத்தில் உயிரணுவை அரிக்கும் விஷப் பொருள்கள் உண்டாகின்றன. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் அணுக்கள் அந்த அரிப்பைத் தாங்கும் சக்தியில் மிகவும் எளியவை. ஈரலில் இரும்பு மிஞ்சினால், இருக்கும் இன்சுலினுக்கும் அது சரியாகச் செவி சாய்ப்பதில்லை. ஆக, சுரப்பும் குறைகிறது, சுரந்ததும் வீணாகிறது.

இது நோயாளிகளின் கதை. நல்ல தேகமுள்ளவர்கள் தின்னும் சாதாரண உணவில் இப்படி நடக்குமா? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2,06,615 பேரை, சிலரை 36 ஆண்டுகள் வரை, தொடர்ந்து கவனித்து 2024ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். இறைச்சி இரும்பை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட, சர்க்கரை வியாதி 100க்கு 26 பங்கு அதிகமாக வந்தது. கீரை, தானிய இரும்புக்கு அந்தச் சம்பந்தம் காணப்படவில்லை. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்கள். இறைச்சியில் இரும்பைத் தவிர வேறு வஸ்துக்களும் உண்டு. ஆகவே இது காரணத்தை அறுதியிட்டு நிரூபித்ததாகாது. ஆயினும் 2004ஆம் ஆண்டிலிருந்தே இதே திசையைக் காட்டும் ஆய்வுகள் வந்துகொண்டிருப்பதால், எச்சரிக்கைக்கு இது போதும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஓர் இடைச் செருகல். திருக்குர்ஆனின் 57ஆம் சூராவுக்கு 'அல்ஹதீத்', இரும்பு, என்றே பெயர். அங்கே இரும்பின் பயனோடு அதன் கடுமையும் சேர்த்தே பேசப்படுவதை ஓதியவர்கள் அறிவார்கள். உலமாக்கள் அதை ஆயுதத்துக்கும் கருவிக்கும் பொருத்தி விளக்குவார்கள். நாம் அதை டானிக் வியாபாரத்துக்கு ஆதாரமாக்க வரவில்லை. சிலர் ஆக்குகிறார்கள், அதனால் சொன்னோம்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பு 8 மில்லிகிராம், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27. இது அமெரிக்க அட்டவணை. 100 கிராம் சமைத்த ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் 2 முதல் 3 மில்லிகிராம் இருக்கிறது. ஈரலில் அதைப்போல மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். இரத்தம் நமக்கு ஹராமாயிருந்தும் ஈரலும் மண்ணீரலும் அனுமதிக்கப்பட்டிருப்பதால், நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் வயசுக்கு வந்தவளுக்கும் ஈரலும் சுவரொட்டியும் வறுத்துக் கொடுப்பது பழைய வழக்கம். அவர்களுக்கு அது நல்ல வழக்கமே. ஐம்பது வயதான, வயிறு பெருத்த, சர்க்கரை வியாதியுள்ள ஆண்பிள்ளை அதே தட்டில் வாரம் மூன்று நாள் பங்கு கேட்பதுதான் தகாது. இறைச்சியே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நாசி கந்தார்த் தட்டில் மாடு, ஆட்டு ஈரல், கோழி மூன்றையும் ஒன்றாய்க் குவிப்பதை விட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். மற்ற நாளில் மீனும் பருப்பும் போதும்.

கெராங் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கோலா செப்பெத்தாங்கிலிருந்து வரும் கெராங்குக்கு ஈப்போ பக்கத்தில் நல்ல கிராக்கி. ஷாஃபியீ மத்ஹபினர் உண்பார்கள்; ஹனஃபிகள் தவிர்ப்பார்கள். அதில் இரும்பு மிகுதி. ஆனால் வெந்நீர் ஊற்றி அரைவேக்காட்டில் தின்பது இங்கே ருசியென்று ஆகிவிட்டது. சிப்பி வகைகளில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி இரும்பு மிஞ்சிய இரத்தத்தில் வெகு வேகமாகப் பெருகும். சர்க்கரை வியாதியும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு உயிராபத்தே ஏற்படலாம். தின்பவர் நன்றாக வேக வைத்துத் தின்னட்டும்.

பேரீச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாயிருக்கும். நம் கடைகளில் ரமலானுக்கு முன் மூட்டை மூட்டையாய் இறங்கும் சரக்கு அது. சுன்னத்தான பழம், அதன் பரக்கத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் "இரத்தம் ஊற" என்று சொல்லி விற்பது வேறு விஷயம். 100 கிராம் பேரீச்சம்பழத்திலுள்ள இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம். அதிலுள்ள சர்க்கரையோ 60 முதல் 70 கிராம். ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பை இதிலிருந்து மட்டும் எடுக்க நினைத்தால் 800 கிராம் பழம் தின்ன வேண்டும். கூடவே அரைக் கிலோ சர்க்கரையும் உள்ளே போகும். பேரீச்சம்பழச் சிரப்பு இன்னும் மோசம். கருப்பட்டியும் கூலா மலாக்காவும் கறுப்பாயிருப்பதால் இரும்பு என்று நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி சர்க்கரைதான். மாவுப் பால் டப்பாக்களில் இரும்புச் சத்து என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சர்க்கரையின் அளவு பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நோன்பு திறக்க ஒன்று அல்லது மூன்று பழம் என்ற அளவில் நிற்பதே சர்க்கரை வியாதியஸ்தருக்கு உசிதம். அதையும் தம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் இருக்கிறது, சர்க்கரைப் பயமும் இல்லை. லகாட்டில் வேலியோரம் முருங்கை இல்லாத கம்பத்து வீடு குறைவு. வெந்த கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் கீரை இரும்பு சேர்வது பாதிக்கும் மேல் குறையும். ஆகவே இரத்தசோகையுள்ள மகள் தேத்தண்ணீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். கிட்டங்கி நிரம்பிய அத்தாவோ சாப்பாட்டோடேயே குடிக்கலாம். சீனியும் கெட்டிப் பாலும் போடாத தேத்தண்ணீரைச் சொல்கிறோம். தே தாரேக்கை அல்ல.

சர்க்கரை வியாதியஸ்தருக்கு இரும்பே தேவைப்படாது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதுவும் ஆபத்தான தப்பு. அவர்களுக்கும் இரத்தசோகை வரும், மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். ஆனால் அதன் காரணம் பலவிதம். சர்க்கரையினால் சிறுநீரகம் கெட்டால், இரத்த உற்பத்தியைத் தூண்டும் சுரப்பு குறைந்து சோகை பிடிக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை வியாதியினால் போகிறவர்கள். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து சோகையும் கால் மரப்பும் வரலாம். நெஞ்செரிச்சலுக்கு நித்தியம் சாப்பிடும் சில மாத்திரைகள் பி12, இரும்பு இரண்டையும் சேரவிடாமல் தடுக்கும். இருதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினால் இரைப்பையில் மெல்ல இரத்தம் கசியலாம். இவையொன்றுமில்லாமல், சர்க்கரை ஏறியிருப்பதே அசதியைக் கொடுக்கும். இத்தனைக்கும் ஒரே புட்டியைக் கொடுப்பது எந்த நியாயம்?

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிப் பதினோரு வருஷம். எட்டு மாதம் இரும்புச் சிரப்பு குடித்தார். அசதி போகவில்லை, பாதத்தில் எறும்பு ஊர்வதும் நிற்கவில்லை. மகள் வற்புறுத்தி இரத்தம் சோதித்தபோது இரும்பு தாராளமாகவே இருந்தது. பி12தான் அடிமட்டத்தில் கிடந்தது. ஊசி போட்ட பிறகு அசதி குறைந்தது. எட்டு மாதச் சிரப்பிலிருந்த சீனி அவருடைய சர்க்கரைக்கு என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்களே யூகிக்கலாம்.

இதைவிடக் கடுமையான இன்னொரு விஷயம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, வயது வந்த ஆணுக்கோ உண்மையாகவே இரும்பு குறைந்திருந்தால், எங்கோ இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். மூலமாயிருக்கலாம், இரைப்பைப் புண்ணாயிருக்கலாம், குடலில் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரும்பு மாத்திரை அந்தச் சோகையைக் கொஞ்சம் நிமிர்த்தி விடும். முகம் தெளிந்ததும், குணமாகிவிட்டது என்று ஆள் வேலைக்குப் போய்விடுவார். உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும். மேலும் இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும். இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். ஒன்றை மற்றொன்று மறைத்துவிடுகிறது. கடையில் புட்டி கேட்கும் ஐம்பது வயதுக்காரரைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதாதா?

சோதனை பெரிய காரியமல்ல. அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கும் அதே தினத்தில், "ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேட்கலாம். முதலாவது கடைத் தட்டின் கணக்கு, இரண்டாவது கிட்டங்கியின் கணக்கு. ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பு குறைவென்று அநேகமாக நிச்சயம். ஆனால் அது கூடியிருந்தால் மட்டும் இரும்பு மிகுதி என்று உடனே சொல்ல முடியாது. ஈரலில் கொழுப்பு படிந்திருந்தாலும், உடலில் எங்காவது வீக்கமோ புண்ணோ இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும். சர்க்கரை வியாதியஸ்தருக்குக் கொழுப்பு ஈரல் சகஜம். அப்போது டாக்டர் இன்னொரு சோதனை செய்து பார்ப்பார். பேரேட்டில் ஒரு வரியைப் பார்த்து நாமாகத் தீர்ப்புச் சொல்லலாகாது.

மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. கணக்கும் இதில் மாட்டிக் கொள்கிறது. அந்தச் சோதனை, சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. இரும்பு குறைந்தவருக்குச் சிவப்பணு புதிதாய் ஊறுவது மந்தப்பட்டு, பழைய அணுக்களே சுற்றிக் கொண்டிருப்பதால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு மருந்து சாப்பிட்டதும் அந்த எண் இறங்கும். சர்க்கரையே இறங்கிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படக் கூடாது. தாலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் இந்த எண் மாறிக் காட்டலாம். ஆகவே இரும்பு மருந்து சாப்பிடுவதையும் குடும்பத்தில் தாலசீமியா இருப்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் டயாலிசிஸ் செய்பவர்களும் டாக்டர் கொடுத்த இரும்பை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருக்காலும் நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் கணக்கு வேறு.

கிளினிக்கில் கொடுக்கும் ஃபெரஸ் ஃபுமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுத்த இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதுபோல எட்டு மடங்கு. டாக்டர் பார்வையில்லாமல் நாளொன்றுக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது வரம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரர்கள் தம் அலமாரியை ஒரு நாள் இறக்கிப் பார்க்க வேண்டும். மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளி முத்திரையும் இல்லாத மருந்தை வாங்கி வைக்கவே கூடாது. சீனி எவ்வளவு, ஆல்கஹால் உண்டா என்று லேபிளைப் பாருங்கள். சத்து ஒயின் என்ற பெயரில் விற்கும் சில டானிக்குகள் சாராயச் சரக்கே. விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த ஹீமோகுளோபினைச் சேர்த்த டானிக்குகள் இந்தியாவில் வெகு காலம் விற்றன. இன்றும் ஹீம் அயர்ன் என்று வரும் சில மாத்திரைகளுக்கு மூலப் பொருள் மாட்டு இரத்தமோ பன்றி இரத்தமோதான். ஜாக்கிமின் ஹலால் முத்திரை இல்லாமல் அத்தகையதைத் தொடக் கூடாது.

ஹிஜாமா செய்து கொள்ளும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரத்தம் குறைந்தவர் அதற்குப் போகலாகாது. சர்க்கரை கட்டுப்படாதவருக்குக் கீறிய இடம் ஆறத் தாமதமாகும். இரும்பு மிகுதி என்று டாக்டர் சொன்னால், இரத்தத்தை எடுப்பதும் ஆஸ்பத்திரியில், கணக்குப் பார்த்து நடக்க வேண்டியது. ஒரு முறை இரத்ததானம் செய்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு கழியும். சர்க்கரை வியாதியுள்ளவர் தானம் செய்யத் தகுதியா என்பதை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் கேட்டால் சொல்வார்கள்.

இரும்பு மாத்திரைகள் சிவப்பாகவும் பச்சையாகவும் மிட்டாயைப் போல இருக்கின்றன. சிறு பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் குடல் புண்ணாகி உயிரே போய்விடலாம். கடையில் மிட்டாய்ப் புட்டிக்குப் பக்கத்திலும், வீட்டில் சாப்பாட்டு மேசையின் மேலும் அவற்றை வைக்காதீர்கள். பிள்ளை விழுங்கிவிட்டது தெரிந்தால், வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் மாத்திரைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் கேட்பார்.